மைக் கொடுக்கலாம், பொன்னாடை பொறுக்கட்டும்: சிறை சென்று வந்த பிரபலத்தை மேடை ஏற்றுவது எப்படி

எங்கள் சங்கம் சின்னது. உறுப்பினர்கள் 140 பேர். சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் அதில் பாதி. ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சி. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு மண்டபம், 300 நாற்காலி. அந்த நாற்காலிகளை 22 ஆண்டாக எண்ணிக்கொண்டிருப்பவள் நான். தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். செயலாளர் என்று பெயர். மண்டபம் பதிவு செய்வது, சாப்பாட்டுக்குச் சொல்வது, பொன்னாடை வாங்கத் தேக்காவுக்கு ஓடுவது எல்லாம் என் தலையில்தான்.

போன மாதம் வேறொரு சங்கத்துச் செயலாளர் அழைத்தார். "அக்கா, நீங்க அந்தத் தம்பிய மறுபடி மேடை ஏத்தினீங்களே, எப்படிச் செஞ்சீங்க? எங்க கிட்டயும் அதே மாதிரி ஒருத்தர் வந்து நிக்கிறாரு." ஒன்றரை மணி நேரம் பேசினேன். காது சூடாகிவிட்டது. அடுத்தவர் கேட்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தத் தம்பியின் பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் துண்டுகள் செய்தவன். பிறகு மேடைக்கு மேடை அறிவிப்பாளன். தேக்கா சந்தையில் அவன் போய் நின்றால் மீன்காரரே நாலு இறாலைக் கூடப் போடுவார். சென்னையிலிருந்து பாடகர்களை வரவழைத்து நட்சத்திர இரவு நடத்தப்போவதாக ஆளுக்கு 60 வெள்ளி, 80 வெள்ளி என்று டிக்கெட் விற்றான். நிகழ்ச்சி நடக்கவே இல்லை. பணம் பழைய கடனுக்குப் போயிருந்தது. மோசடி, எட்டு மாதச் சிறை. ஏமாந்தவர்களில் எங்கள் உறுப்பினர்கள் மட்டும் பதினொரு பேர்.

ஐந்தரை மாதத்தில் வெளியே வந்துவிட்டான். உடனே "யாரையோ பிடிச்சு வந்துட்டான்" என்று பேச்சு கிளம்பியது. இங்கே பொதுவாகத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் விடுவார்கள். மிச்சம் ஒரு பங்கு நிபந்தனையில் ஓடும். அதற்குள் மறுபடி குற்றம் செய்தால் மிச்சத்தையும் உள்ளே போய்க் கழிக்க வேண்டியிருக்கும். 2014இலிருந்து இப்படித்தான். முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 2024 அக்டோபரில் 12 மாதத் தண்டனைக்குப் போய், 2025 பிப்ரவரியில் வீட்டுக்காவலுக்கு வந்தபோதும் காப்பிக்கடையில் இதே பேச்சுதான். வீட்டுக்காவலும் தண்டனைக் காலத்துக்குள்தான் சேர்த்தி. அவர் தண்டனை முடிந்தது ஜூன் மாதம்.

முதல் தடவை நாங்கள் சொதப்பினோம். வெளியே வந்த மறு ஆண்டு தீபாவளிக்கு, "பாவம், பிழைக்கட்டும்" என்று தலைவர் சொல்ல, யாரிடமும் கேட்காமல் அறிவிப்பாளராகப் போட்டு விளம்பரத் தாளும் அச்சடித்துவிட்டோம். தாள் வாட்ஸ்அப்பில் போன அன்று இரவே எனக்கு ஒன்பது அழைப்பு. ஒரு அம்மா அழுதார். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவனை எடுத்துவிட்டோம். அதைச் சொல்ல அழைத்தவள் நான்தான். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தானாம். கீழே நான் சொல்வது அதற்கு ஈராண்டு கழித்து, ஓரளவு சரியாகச் செய்தபோது கற்றுக்கொண்டது.

முதலில் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டத்தில் விவாதம் தொடங்குவதற்கு முன் ஒரு ஆளிடம் பொறுப்புக் கொடுங்கள்: அவர் என்ன குற்றத்துக்குத் தண்டனை பெற்றார், எத்தனை மாதம், மேல்முறையீடு முடிந்துவிட்டதா, நட்டப்பட்டவர்கள் யார். அரைப் பக்கம் போதும். பல தீர்ப்புகள் நீதிமன்ற இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். சின்ன வழக்கென்றால் பழைய நாளிதழ்ச் செய்தி. சொந்தக்காரர் சொன்னது, ஓட்டுநர் சொன்னது கணக்கில் வராது.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊர் நினைவில் வழக்கு வேறு வடிவத்தில்தான் தங்கும். தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த டி.டி. துரை என்றால் என் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவது தங்க முலாம் பூசிய தண்ணீர்க் குழாய். 2005இல் அந்தக் குழாயும் ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளிச் சம்பளமும் வெளியே வந்தன. ஆனால் 2007இல் அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது ஒரு பொய் விலைச்சீட்டு விவகாரத்தில். குழாய் வைத்தது குற்றமென்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

ஈஸ்வரன் வழக்கும் அப்படித்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அவர் லஞ்சத்துக்குத் தண்டனை பெற்றார் என்றே இன்னும் சொல்கிறார்கள். இருந்தது 35 குற்றச்சாட்டு. அதில் லஞ்சச் சட்டத்தின்கீழ் இருந்த இரண்டும் வழக்கு தொடங்கும்போது திருத்தப்பட்டன. அவர் ஒப்புக்கொண்டது ஐந்து: அரசு ஊழியராக இருந்துகொண்டு விலையுயர்ந்த பொருள்களைப் பெற்றதாக நான்கு, நீதிக்கு இடையூறு செய்ததாக ஒன்று. மற்ற 30 தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்டன. அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம். நீதிபதி கொடுத்தது 12 மாதம். இதெல்லாம் அவரை நல்லவராகக் காட்டுவதற்கும் சொல்லவில்லை, கெட்டவராகக் காட்டுவதற்கும் சொல்லவில்லை. தப்புத் தெரியாமல் எப்படி மன்னிப்பது, எப்படி மறுப்பது?

மேல்முறையீடு முடிந்ததா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். ஜெயலலிதா 2014 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டு முதல்வர் பதவி இழந்தார். 2015 மே மாதம் விடுவிக்கப்பட்டு, அதே மாதம் மறுபடி முதல்வரானார். அவர் இறந்தபின் 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பே சரி என்றது. இடைப்பட்ட காலத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டவர்களும் சரி, கல்லெறிந்தவர்களும் சரி, அரைத் தீர்ப்பில் ஆடியவர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் நிகழ்ச்சியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சட்டம் ஏற்கெனவே பூட்டிய கதவுகள்

எங்கள் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வீணானது இதில்தான். சட்டமே முடிவு செய்துவிட்டதை நாம் மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டியதில்லை.

நாடாளுமன்றம்: சிங்கப்பூரில் ஒரு குற்றத்துக்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறை, இல்லாவிட்டால் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் பெற்றவர் ஐந்தாண்டுக்கு உறுப்பினராக இருக்க முடியாது. அபராத வரம்பு முன்பு 2,000 வெள்ளி, 2022இல் உயர்த்தினார்கள். இந்தியாவில் இரண்டாண்டுச் சிறை, வெளியே வந்தபின் ஆறாண்டு என்பது கணக்கு. நம் ஆட்கள் சன் டிவி பார்த்துவிட்டு அந்தக் கணக்கை இங்கே போடுவார்கள். திருத்துங்கள்.

நிறுவன இயக்குநர்: ஏமாற்று, நேர்மைக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஐந்தாண்டு வரை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயக்குநராக இருக்கக்கூடாது. அறநிறுவனங்களின் நிர்வாகக் குழுவிலும் அப்படிப்பட்டவருக்குத் தடை உண்டு. உங்கள் அமைப்பு அறநிறுவனமாகப் பதிவாகியிருந்தால் இதைக் கவனியுங்கள்.

சின்னக் குற்றம் செய்தவருக்குச் சட்டம் வேறு விதமாகக் கை கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், அதுவும் ஒரே ஒரு தடவை, கடும் குற்றப் பட்டியலில் சேராதது, அதற்குப் பின் ஐந்தாண்டு ஒழுங்காக இருந்தால் அந்தப் பதிவு கழிந்ததாகிவிடும். அப்புறம் "உங்கள் மேல் குற்றப் பதிவு உண்டா" என்று கேட்டால் பொதுவாக "இல்லை" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்படிப்பட்டவரைப் பற்றிச் செயலவையில் பழைய செய்தித்தாளை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்த பெரியவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். தாள்களைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசமாட்டார்.

சட்டம் சொன்னதே கடைசி வார்த்தையா என்றால், எதிர்க்கட்சிக்காரர் ஜே.பி. ஜெயரத்தினத்தை நினைத்துக்கொள்வேன். 1981இல் ஆன்சன் தொகுதியில் வென்றவர். கட்சிக் கணக்கு வழக்கில் 1986இல் ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். நாடாளுமன்ற இடம் போனது, வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயர் நீங்கியது. 1988இல், அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குப் பெரும் அநீதி நடந்துவிட்டது என்று சொல்லி வழக்கறிஞர் பட்டியலில் மறுபடி சேர்த்தது. ஆனாலும் நாடாளுமன்றத் தடை அப்படியே ஓடி முடிந்தது. 1997இல்தான் தொகுதி இல்லா உறுப்பினராக உள்ளே வந்தார். என் அப்பா அவர் தொகுதிக்காரர். எங்கள் வீட்டில் அவரைச் "சிறைக்குப் போனவர்" என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரே புளோக்கில் இரண்டு தீர்ப்பு. இதைத் தீர்த்து வைக்க என்னிடம் வழி இல்லை.

மைக், கல்லாப்பெட்டி, பொன்னாடை

இதுதான் விஷயத்தின் மையம். "அவர் மறுபடி வரலாமா, கூடாதா?" என்று கேட்டால் கூட்டம் இரண்டாகப் பிளந்து, வடை ஆறிப்போகும் வரை சண்டை போடும். ஒரு நிகழ்ச்சியில் ஒருவர் கையில் நாம் கொடுப்பது என்ன என்று பாருங்கள். மைக் கொடுக்கிறோம்: அது அவருடைய தொழில். கல்லாப்பெட்டிச் சாவி கொடுக்கிறோம்: அது நம்பிக்கை. பொன்னாடை போர்த்துகிறோம்: அது மரியாதை. மூன்றுக்கும் தனித்தனியாகக் கை தூக்கச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் மைக்குக்கு 9க்கு 2, சாவிக்கு 0, பொன்னாடைக்கு 1. அந்த ஒருவர் தலைவர்.

மைக் என்பது பிழைப்பு. தண்டனையை நீதிமன்றம் கொடுத்து முடித்துவிட்டது. அதற்கு மேல் பட்டினியும் சேர்த்துக் கொடுக்க நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. 2006இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, அதற்காக நாலு வாரம் உள்ளே போன நம்மூர் சீனத் தொலைக்காட்சி நடிகர் கிறிஸ்டஃபர் லீ மறுபடி நடிக்க வந்தார், இன்றும் நடிக்கிறார். அவர் நடிப்புக்கும் அந்தக் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? சஞ்சய் தத் சட்டவிரோத ஆயுத வழக்கில் தண்டனை முடித்து 2016 பிப்ரவரியில் வெளியே வந்தார். 2023இல் விஜய் படத்தில் அவர் வந்து நின்றபோது நம் திரையரங்கில் விசில் பறந்தது. எம்.ஆர். ராதா 1967இல் எம்.ஜி.ஆரையே சுட்டவர். சிறை முடிந்து வந்து மறுபடி மேடை ஏறினார், மக்களும் டிக்கெட் வாங்கினார்கள்.

சாவி வேறு. ஒவ்வொருவருக்கும் அவரவர் குற்றம் எந்தச் சாவியால் நடந்ததோ அந்தச் சாவி. பணத்தில் தவறியவருக்கு டிக்கெட் மேசை கிடையாது, நன்கொடைப் பெட்டி கிடையாது. குடித்துவிட்டு ஓட்டியவரை நிகழ்ச்சி வேனை ஓட்டச் சொல்லாதீர்கள். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவருக்குச் சிறுவர் நாடகப் பயிற்சி, நடன ஒத்திகை அறை, எதுவும் கிடையாது. ஐந்தாண்டு, பத்தாண்டு என்ற கணக்கே இதில் இல்லை. பிள்ளைகள் வருகிற நிகழ்ச்சி என்றால் மைக்கும் கிடையாது. இதைக் கூட்டத்தில் விவாதத்துக்கு விடாதீர்கள்.

பொன்னாடைதான் நம் ஆட்களுக்குச் சிக்கல். நமக்கு மரியாதை செய்யாமல் மேடை நடத்தத் தெரியாது. தலைவருக்கு ஒன்று, புரவலருக்கு ஒன்று, புரவலரின் மைத்துனருக்கு ஒன்று. அந்த வேகத்தில், திரும்பி வந்தவருக்கும் ஒன்றைப் போர்த்திப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிடுவோம். ஏமாந்தவர் மறுநாள் காலை அதைப் பார்ப்பார். ஈஸ்வரனைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அமைச்சராக இருந்தபோது எத்தனையோ தமிழ் நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் உட்கார்ந்தவர், நன்றாகப் பேசக்கூடியவர். நான் சொன்னேன்: பார்வையாளராக வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன், துறைமுகம், வணிகம் பற்றிப் பேச வந்தால் உட்கார்ந்து கேட்பேன், சிறப்பு விருந்தினர் நாற்காலி மட்டும் இப்போது வேண்டாம். அவர் தண்டனை பெற்றதே பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்காக. நாம் முதல் காரியமாகப் பொன்னாடையும் பழக்கூடையுமாகப் போய் நின்றால் அவருக்கே சங்கடமாக இருக்காதா?

மைக்கும் பொன்னாடையும் வேறு வேறு என்று எனக்குப் புரியவைத்தது அப்பா சொன்ன பழைய கதை. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவருமே விடுதலை. குற்றமற்றவர்கள் என்றே தீர்ப்பு. ஒரே வழக்கு, ஒரே சிறை. கலைவாணர் வந்த வேகத்தில் மறுபடி படம், நாடகம் என்று எழுந்துவிட்டார். பாகவதரோ, ஹரிதாஸ் படத்தை மூன்று தீபாவளி ஓட்டிய மனிதர், விடுதலைக்கப்புறம் எடுத்த படங்கள் ஓடவில்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார். குரல் போய்விட்டதா, காலம் மாறிவிட்டதா என்று சினிமா தெரிந்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். என் எண்ணம் இது: கலைவாணர் தன்னையும் சேர்த்துக் கேலி செய்து பிழைத்தவர், அவருக்கு மைக் போதும். பாகவதரை மக்கள் சாமி மாதிரி வைத்திருந்தார்கள். பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், தங்கத் தட்டு. அவர் தொழிலே பொன்னாடைமேல் நின்றது. விடுதலை ஆனாலும் அது திரும்பவில்லை. நம்மிடம் வருகிறவர் எந்த வகை என்று பாருங்கள். மரியாதையைத் தேடி வருகிறவருக்கு வெறும் மைக் போதாது, சீக்கிரமே கோபித்துக்கொள்வார்.

விளம்பரத் தாளுக்கு முன் நட்டப்பட்டவர்கள்

நாங்கள் முதல் தடவை செய்த பெரிய பிழை இது. அந்தப் பதினொரு பேரும் செய்தியைத் தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இரண்டாம் தடவை நானே ஒவ்வொருவராகப் பார்த்தேன். தொலைபேசியில் வேண்டாம். காப்பிக்கடையில் ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்து, நேரில் சொல்லுங்கள். "மன்னிச்சிடுங்க" என்று கெஞ்சாதீர்கள். அது அவர்கள் சொல்ல வேண்டிய வார்த்தை, நாம் பிடுங்கக்கூடாது. நான் கேட்டது இரண்டே கேள்வி: "அவர் மேடையில நின்னா உங்களால அங்க உக்கார முடியுமா? பணம் திரும்பி வந்துச்சா?"

ஏழு பேர் சரி என்றார்கள். மூன்று பேர் வரமாட்டோம், ஆனால் தடுக்கமாட்டோம் என்றார்கள். 240 வெள்ளிக்கு மூன்று டிக்கெட் வாங்கியிருந்த ஒரு அம்மா, முன்பு தொலைபேசியில் அழுதவர், "என் காசு வரட்டும், அப்புறம் பேசு" என்று எழுந்து போய்விட்டார். நியாயம்தானே. நட்டப்பட்டவர் எல்லாரும் வேண்டாம் என்றால் உங்கள் மேடையில் ஏற்றாதீர்கள். வேறு மேடை அவருக்குக் கிடைக்கட்டும்; அவர் பிழைப்பையே தடுக்கும் உரிமை அவர்களுக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. உங்கள் மண்டபத்தில் யார் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

வருகிறவரிடம் பேசுவது

செயலவை முழுவதும் வரிசையாக உட்கார்ந்து அவரை எதிரே நிறுத்தாதீர்கள். அது இன்னொரு நீதிமன்றம். நானும் பொருளாளரும் மட்டும் போனோம். "தம்பி, நடந்தத ஒரு தடவ நீயே சொல்லு" என்றேன். அவன் சொல்லும்போது நான் பார்த்தது ஒன்றுதான்: "தவறு நடந்துவிட்டது" என்கிறானா, "நான் ஏமாத்தினேன்" என்கிறானா. முதல் பத்து நிமிடம் கொவிட், கடன்காரன், கூட்டாளி என்று சுற்றினான். பொருளாளர் எழுந்து கிளம்பப் பார்த்தார். அப்புறம்தான், "அக்கா, ரெண்டாயிரம் டிக்கெட் வித்தாதான் நிகழ்ச்சி நடக்கும்னு எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்" என்றான். சரி, இனி பேசலாம் என்று உட்கார்ந்தோம்.

பணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். மாதம் ஒருவருக்கு 20 வெள்ளி என்றாலும் திட்டம் இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். முகநூலில் நீளமாகப் போடும் மன்னிப்புக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஆயிரம் பேர் விருப்பக்குறி போடுவார்கள். ஏமாந்தவர் கைக்கு ஒரு காசு வராது.

வெளிநாட்டுக் கலைஞர் என்றால் இன்னொரு வேலை. இங்கே வருவதற்கான விசா விண்ணப்பத்திலேயே எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. உள்ளே விடுவதா இல்லையா என்பது குடிநுழைவு அதிகாரிகள் முடிவு. அனுமதி கையில் வரும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

நிகழ்ச்சி நாள்

கூலி கொடுங்கள். வழக்கமான கூலி. "உன்னை மேடை ஏற்றுவதே பெரிது, இலவசமாகச் செய்" என்று எங்களில் இருவர் சொன்னார்கள். அப்படியானால் சாங்கிச் சிறையில் முடிந்த தண்டனையை நாம் ஈசூனில் நீட்டிக்கிறோம். 300 வெள்ளி, பேநவ் வழியாக நேரே வங்கிக் கணக்குக்கு, ரசீதோடு கொடுத்தோம்.

விளம்பரத் தாளில் பெயர் மட்டும், மற்ற கலைஞர்கள் அளவிலேயே. "மாபெரும் மறுவருகை" எல்லாம் வேண்டாம். சிறை சென்று வந்தவர்களுக்குக் கை கொடுக்கும் மஞ்சள் ரிப்பன் திட்டத்துக்கு அவரை அடையாளமாக்கவும் வேண்டாம். கேட்டால் தவிர, கதை சொல்லச் சொல்லவும் வேண்டாம். சிறை அனுபவத்தையே நிகழ்ச்சியாக்கி விற்பது எனக்குப் பிடிக்காது. தலைவர் மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரியும், பேசித்தான் அழைத்திருக்கிறோம்." அரங்கம் ஒரு நிமிடம் கம்மென்று இருந்தது. பிறகு அடுத்த அங்கம்.

வரிசையில் முதலாவதாகவும் வைக்காதீர்கள், கடைசியாகவும் வைக்காதீர்கள். பிள்ளைகள் நடனம் முடிந்து எல்லாரும் பிரியாணி டோக்கனைத் தேடும் நேரம் நல்லது. முழு இரவுக்கும் அறிவிப்பாளராகப் போடாமல் இருபது நிமிட நகைச்சுவை கொடுத்தோம். முதல் இரண்டு நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதுக்கு மண்டபத்தின் பின்னால் ஒரு பையன் சிரித்தான். அது பிடித்துக்கொண்டது.

வாட்ஸ்அப்பில் திட்டு வரும். ஒரே ஒரு பதில், தலைவர் பெயரில், முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். இரண்டாவது பதில் அனுப்பாதீர்கள்.

பெயர் தெரியாத பையன்கள்

கடைசியாக ஒன்று, எங்கள் கூட்டத்தின் மேல் எனக்கே இருக்கும் குறை. இந்தத் தம்பிக்காக நாங்கள் மூன்று கூட்டம் போட்டோம். அதே மாதத்தில் ஒலிபெருக்கி தூக்க உதவியாளர் ஒருவனை ஒப்பந்தக்காரர் அனுப்பினார். போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய் வந்தவன். அவனை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடம் பிடிக்கவில்லை. நானும் கை தூக்கினேன்.

2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கியபோது, வெளியே வந்தவருக்கு ஊர்தான் இரண்டாவது சிறை என்று சொன்னார்கள். விடுதலையாகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஈராண்டுக்குள் மறுபடி உள்ளே போகிறார்கள் என்பது சிறைத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. முகம் தெரிந்தவருக்குப் பரிந்து பேச ஆள் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பிரபலத்துக்கு வாக்கெடுப்பு நடத்துமுன், இதே குற்றம் செய்த பெயர் தெரியாத பையனுக்கு இதே இடத்தைக் கொடுப்போமா என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், முதலில் அவனைக் கூப்பிடுங்கள். இந்த ஆண்டு ஒப்பந்தக்காரரிடம் அவனையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பும் வேலைக்கு ஆள் அனுப்பி உதவும்.

அன்று இரவு நிகழ்ச்சி முடிந்து உணவுக் கூப்பன் பணம் மேசையில் குவிந்து கிடந்தது. பொருளாளருக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற அந்தத் தம்பியிடம், "கொஞ்சம் எண்ணிக்கிட்டிரு" என்றார். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "அக்காவ கூப்பிடுங்க சார், நான் நாற்காலி அடுக்குறேன்" என்று போய்விட்டான்.

240 வெள்ளி அம்மாவும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியாது. அதுவரை எட்டு மாதம் அவருக்குப் பணம் ஒழுங்காக வந்திருந்தது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் நேரே போய், "தம்பி, இந்த மாசம் இருபது வரல" என்றார். அவன் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து அங்கேயே அனுப்பினான். அவர் தன்னுடையதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேருந்துக்குக் கிளம்பினார்.